அலங்கில் வாங்கிய கப்பல் டெலிகிராஃப்: இதில் உள்ள சொற்களுக்கு என்ன பொருள்?

கேள்வி

குஜராத்தில் பாவ்நகரில் வேலை பார்க்கும் என் மச்சான், பழைய கப்பல்களை உடைக்கும் அலங் கடற்கரைக்குப் போகிற சாலையோரப் பழைய சாமான் கடையில் ஒரு கருவி வாங்கி அனுப்பியிருக்கிறார். சாம்பல் நிற இரும்புப் பெட்டி, பக்கத்தில் ஒரு கைப்பிடி. 'ஸ்டாண்ட் பை', 'ஹாஃப் அஹெட்', 'டெட் ஸ்லோ அஸ்டர்ன்', 'ஃபினிஷ்டு வித் எஞ்ஜின்ஸ்' என்று எழுதியிருக்கிறது. கப்பலை உடைக்கக் கொண்டுபோகும்போதும் இது வேலை செய்யுமா? இன்னொன்று, கடைக்காரர் '11,000 எல்டிடி கப்பல்' என்றாராம். மச்சானோ 70,000 டன் கப்பல் என்கிறார். எது சரி?

பதில் 1

தம்பி, நான் மரைன் எஞ்ஜினியராக இருந்தவன், ஊர் தூத்துக்குடி. அஹெட் என்றால் முன்னே, அஸ்டர்ன் என்றால் பின்னே. ஹாஃப் என்றால் பாதி வேகம், டெட் ஸ்லோ என்றால் மிக மெதுவாக, ஸ்டாண்ட் பை என்றால் தயாராக இரு. கப்பலை ஓட்டும் மேல் அறையான பிரிட்ஜில் கைப்பிடியைத் தள்ளினால் கீழே எஞ்ஜின் ரூமில் மணி அடிக்கும். எங்கள் கைப்பிடியையும் அதே இடத்துக்குக் கொண்டுவந்தால்தான் மணி நிற்கும். 'ஃபினிஷ்டு வித் எஞ்ஜின்ஸ்' வந்தால், இனி எஞ்ஜின் தேவையில்லை, நிறுத்திக்கொள்ளலாம் என்று பொருள்.

2012-இல் ஒரு பல்க் கேரியரை (தானியம், நிலக்கரி மாதிரி சரக்கை மூட்டை கட்டாமல் ஏற்றும் கப்பல்) அலங்குக்குக் கொண்டுபோனோம். அலங் இருக்கும் காம்பே வளைகுடாவில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் பத்து மீட்டர் வரை வித்தியாசம் வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருஏற்றத்துக்காக வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருந்தோம். கப்பலின் பாரத்துக்காகத் தொட்டிகளில் நிரப்பும் பாலாஸ்ட் தண்ணீரை இறைத்து முன்பக்கத்தை லேசாக்கினோம். கரை நெருங்கினால் வேகத்தைக் குறைத்துத்தான் எங்களுக்குப் பழக்கம். கப்பலைக் கரையிலேயே ஏற்ற வேண்டும் என்பதால் அன்றைக்கு வந்த மணி 'ஃபுல் அஹெட்', முழு வேகத்தில் முன்னே.

நான் பார்த்துக்கொண்டிருந்தது கூலிங் தண்ணீர் மீட்டரை. கடல்நீர் உறிஞ்சும் வாயில் சேறு ஏற ஏற முள் நடுங்கி இறங்கியது, எஞ்ஜின் சூடு ஏறியது. மோதல் மாதிரி எதுவும் இல்லை. ஈர மூட்டையைத் தரையில் இழுப்பது போல ஒரு நீளமான சத்தம், அவ்வளவுதான். அப்புறம் 'ஸ்டாப்'. கொஞ்ச நேரத்தில் 'ஃபினிஷ்டு வித் எஞ்ஜின்ஸ்'. பதில் மணி கொடுத்தது நான்தான். ஜெனரேட்டருக்கும் தண்ணீர் இல்லாமல் விளக்குகள் அணைந்தன. எமர்ஜென்சி ஜெனரேட்டர் எடுக்கும்வரை அந்த இருட்டில் ஒருவரும் பேசவில்லை.

பதில் 2

இரண்டு கணக்கும் சரிதான். எல்டிடி என்பது சரக்கு, எண்ணெய், தண்ணீர் எதுவும் இல்லாத வெறும் கப்பலின் எடை. மச்சான் சொல்வது டெட்வெயிட், அதாவது கப்பல் தாங்கக்கூடிய பாரம். உடைப்பவர் வாங்குவது இரும்பை, அதனால் பேரம் எல்டிடி கணக்கில்தான் நடக்கும்.

பதில் 3

முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் எங்கள் கடற்கரையில் இன்றும் சொல்கிறோம். அண்ணே, உங்கள் கப்பல் அணியம் முன்னாலேயா கரை ஏறியது?

பதில் 1 எழுதியவர்

ஆமாம், அணியம்தான் முதலில். அமரம் தண்ணீரிலேயே கிடந்தது. அடுத்தடுத்த ஏற்றங்களில் வின்ச் (கம்பி வடம் சுற்றி இழுக்கும் எந்திரம்) கட்டி இழுப்பார்கள்.

தம்பி, ஒன்று மட்டும் கேட்டுக்கொள். பெட்டியைத் திறந்தால் உள்ளே வயர் மேல் வெள்ளை நாடா சுற்றியிருக்கலாம். பழைய கப்பல்களில் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்புண்டு, அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். பிய்க்காதே, ஊதாதே. கப்பலில் இருக்கும் இப்படிப்பட்ட ஆபத்தான பொருள்களைப் பட்டியல் போட வேண்டும் என்கிற ஹாங்காங் உடன்படிக்கை 2009-இல் ஏற்கப்பட்டு, 26 ஜூன் 2025-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் எத்தனை பேர் வெறுங்கையால் அந்த நாடாவைப் பிரித்திருப்பார்கள்! பெட்டியை மூடியே வை, வெளியே மட்டும் ஈரத்துணியால் துடை. கைப்பிடி எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒரு படம் எடுத்துப் போடேன்.