‘சரீரி’க்கு ‘உடலாளி’: என் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வைணவ ஆசாரியர் இராமானுசரின் ‘சரீர–சரீரி பாவம்’ (உடலுக்கும் அதை உடையவருக்கும் உள்ள உறவு) என்பதைத் தமிழில் ‘உடல்–உயிர் உறவு’ என்றே எழுதிவிடலாம் என்று இங்கே பலரும் சொல்கிறீர்கள். என்னால் ஏற்க முடியவில்லை. ‘உடல்’ பொருத்தமே, ‘உயிர்’தான் இடறுகிறது.

‘உயிர்’ ஒரு பொருளைக் குறிப்பது. ‘சரீரி’யோ ஓர் உறவில் வகிக்கும் நிலையைக் குறிப்பது. இராமானுசரின் தத்துவமான விசிட்டாத்துவைதத்தில் சீவன் (தனி ஆன்மா) தன் உடம்புக்குச் சரீரி. அதே சீவன் பரம்பொருளான பிரம்மத்துக்குச் சரீரம். பிருகதாரணியக உபநிடதத்தின் அந்தர்யாமி பகுதியில் யாக்ஞவல்கிய முனிவர் மண், நீர், தீ என்று ஒவ்வொன்றையும் உள்ளிருந்து இயக்குபவனின் உடலாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அந்த உபநிடதத்தின் மாத்தியந்தினம் என்ற பாடவடிவில் ஆன்மாவும் அவனுக்கு உடல்! நீங்கள் சொல்லும் சொல்லை இங்கே வைத்தால் ‘உயிர் உயிருக்கு உடல்’ என்று எழுத வேண்டிவரும். படிக்கும் மாணவர் என்ன செய்வார்?

நம்மாழ்வார் ‘உடல்மிசை உயிரெனக் கரந்தெங்கும் பரந்துளன்’ என்று பாடவில்லையா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். பாடினார், எவ்வளவு அழகாக! ஆனால் அங்கே ‘என’ என்ற உவம உருபு துணை நிற்கிறது. தனித்து நிற்கவேண்டிய கலைச்சொல்லுக்கு அந்தத் துணை கிடையாது.

பிரம்ம சூத்திரத்துக்கு இராமானுசர் எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யம் (2.1.9) சரீரத்துக்குத் தரும் இலக்கணத்தைப் பாருங்கள். ஓர் அறிவுடைப் பொருள் எந்தத் திரவியத்தைத் தன் பயனுக்காக முழுவதும் இயக்கவும் தாங்கவும் வல்லதோ, எது அதற்கே அடிமையாக இருப்பதை இயல்பாகக் கொண்டதோ, அதுவே அதன் சரீரம். கைகால், புலன், நுகர்வு எதுவும் இதில் பேசப்படவில்லை. செயலுக்கும் பொறிகளுக்கும் இடமாவதே உடல் என்னும் நியாய (தருக்க நெறி) இலக்கணத்தை இராமானுசர் ஒதுக்குவதற்குக் காரணம் இதுதான். அதை ஏற்றால் மண் யாருக்கும் உடலாக முடியாது.

ஆகவே ‘உடலாளி’ என்று முன்மொழிகிறேன். ‘ஆளி’ என்ற ஈற்றில் உடைமையும் இருக்கிறது, ஆளுதலும் இருக்கிறது. பொறுப்பாளி என்னும்போது தாங்குதலும் சேர்ந்தே ஒலிக்கிறது. ‘சீவன் உடம்புக்கு உடலாளி, இறைவனுக்கு உடல்’ என்று குழப்பமின்றி எழுதலாம். ‘உடலி’ சுருக்கம்தான், ஆனால் செயலி, கருவி போல ஏதோ சாதனத்தின் பெயராகக் காதில் விழுகிறது. உடலுழைப்பாளியை நினைவூட்டுகிறது என்ற மறுப்பு வரலாம். ‘உடல்–உடலாளி உறவு’ என்று இணையாக எழுதும்போது அந்த மயக்கம் நிற்காது.

சைவ சித்தாந்த நூல்களுக்கு இச்சொல்லைக் கொண்டுபோக வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். சிவப்பிரகாசம் என்ற சித்தாந்த நூல் ‘உடலுயிர் கண் அருக்கன் அறிவொளி’ என்று அடுக்குவது அத்துவிதத்தை (இறைவனும் உயிரும் பிரிப்பின்றி நிற்பதை) விளக்கும் உவமைகளை. அங்கே உடலும் உயிரும் அப்படியே இருக்கட்டும்.

அடுத்து ‘சேஷ–சேஷி’ (பிறருக்கே உரியது, அதை உடையவர்). ‘அடிமை–உடையான்’ என்பது என் எண்ணம். மறுப்பிருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.