மெட்டல் பாட்டில் சுர்தோ அமுங்கிப் போகிறது, வழி சொல்லுங்க

பிரேசில் மெட்டல் இசைக்குழு செபுல்துராவின் 1996 'ரூட்ஸ்' ஆல்பம் பாணியில், டிரம் கிட்டோடு சுர்தோ (சம்பா இசையில் வரும் பெரிய பிரேசில் முரசு, 22 இன்ச்) சேர்த்து ஒரு டிராக் மிக்ஸ் பண்றோம். வேகம் 100 பிபிஎம் (நிமிடத்துக்கு 100 எண்ணிக்கை), கிட்டார் B ட்யூனிங்.

சிக்கல் அடி ஒலியில். கிட்டாரின் தடித்த கம்பியே சுமார் 62 ஹெர்ட்ஸ். கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) சுர்தோவும் அதே 60-80க்குள் முட்டிக்கொள்வதால் மூன்றும் சேர்ந்து ஒரே 'கொழகொழ'. கிட்டாரில் 90க்குக் கீழே வெட்டியதும் பாதி தெளிந்தது. சுர்தோ மைக்கில் கேட் (குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள சத்தத்தை அடைத்துவிடுவது) போட்டால் பக்கத்துக் கிக் சத்தத்துக்கே அது திறந்துவிடுகிறது. கேட் திறக்கும் அளவை ஏற்றினால் மெல்லிய கை அடி எல்லாம் காணாமல் போகிறது. சுர்தோவின் தோலில் பீசோ (அதிர்வை உணரும் சென்சார்) ஒட்டி அதை வைத்துக் கேட்டைத் திறக்கலாமா? யாராவது செய்து பார்த்திருக்கீங்களா?

இன்னொன்று, தாளம். சம்பாவில் பெரிய சுர்தோவின் கனத்த அடி இரண்டாம் எண்ணிக்கையில் விழும், கிக்கோ ஒன்றில். இது மோதல் இல்லை, அதுதான் அழகே. ஆனால் பதினாறாம் பாக அடிகள் சம்பாவில் சமமாக வராது, ஒரு எண்ணிக்கைக்குள் வரும் நாலில் மூன்றாவதும் நான்காவதும் கொஞ்சம் முந்தும். டபுள் கிக் (இரண்டு காலாலும் வேகமாக அடிப்பது) 150 மில்லிசெகண்டுக்கு ஒன்று என்று நேராக ஓடும்போது இரண்டும் உரசுகிறது. குவான்டைஸ் பண்ணினால் (அடிகளைக் கணினியில் சம இடைவெளிக்கு இழுத்தால்) சுர்தோ செத்துப் போகிறது. கிக்கை சுர்தோ பக்கம் நகர்த்துவதா, டபுள் கிக் வரும் நாலு பாரில் (தாளச் சுற்றில்) மட்டும் சுர்தோவை நிறுத்துவதா?

'சாம்பிள் (முன்பே பதிந்த ஒலி) போடுங்க' தவிர எதுவும் சொல்லலாம்.