வளரும் பையனுக்கு முழங்கால் வலி, பயிற்சியைக் குறைக்கணுமா?

கேள்வி: பையனுக்கு 13 வயது, கால்பந்து, ஓட்டம் இரண்டிலும் இருக்கிறான், தினமும் பயிற்சி. இந்த வருஷம் மடமடவென்று உயர்ந்துவிட்டான், இப்போது ஓடினால் முழங்கால் சில்லுக்குக் கீழே வலிக்கிறதாம். கோச் "வளர்ற வயசு, சரியாயிடும்" என்கிறார். விட்டுவிடலாமா?

பதில் 1: வளரும் வயது என்பதால்தான் கவனிக்க வேண்டும். எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காமல், தொடைத் தசை இழுக்க இழுக்க, சில்லுக்குக் கீழே தசைநாண் ஒட்டுகிற இடத்தில் இன்னும் முற்றாத எலும்பு நோகும். ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்பார்கள். அதுதானா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலும் வளர்ச்சி நின்றதும் போய்விடும், அதற்காக வலியோடு ஓடவிடாதீர்கள். நொண்டினாலோ, ராத்திரியில் வலித்தாலோ தள்ளிப்போடவே கூடாது.

பதில் 2: தினமுமா?! வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும். வாரப் பயிற்சி மணிநேரம் வயதைத் தாண்டக் கூடாது என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு, இரண்டு விளையாட்டையும் சேர்த்துத்தான்.

பதில் 3: வார்ம்-அப் எப்படி? ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப் பயிற்சித் தொகுப்பைப் பாருங்கள், சுமார் 20 நிமிடம்தான், சிறுவர்களுக்குத் தனி வடிவமும் இருக்கிறது. அப்புறம், குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று கவனியுங்கள்.

கேட்டவர்: கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு 13 மணிநேரத்தைத் தாண்டுகிறது. சரி, முதலில் ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுகிறேன்.