மறு: மெமரபிலியாவுக்கு என்ன சொல்? (பியானோக்களை முன்வைத்து)

வணக்கம்.

நான் கேட்டது ஒரு சொல். இரவு திறந்து பார்த்தால் மடல்கள் குவிந்து கிடக்கின்றன. எல்லோருக்கும் இந்த ஒரே மடலில் பதில் எழுதிவிடுகிறேன்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக: கொழும்பில் ஒரு வார இதழுக்காகக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பெயர் பெற்ற இசைக்கலைஞர்களின் பியானோக்கள் அவர்களுடைய கையை விட்டுப் போன பிறகு ஏலக்கூடம், நூதனசாலை, செல்வந்தர் வீடு என்று எங்கெல்லாம் அலைகின்றன என்பதுதான் விடயம். முதல் பந்தியில் மெமரபிலியா (பெயர் பெற்றவரோடு தொடர்பு இருப்பதாலேயே மதிப்புப் பெறும் சாமான்), இரண்டாவதில் புரோவனன்ஸ் (ஒரு பொருள் யார் யார் கைக்கு மாறி வந்தது என்ற வரலாறு). இவற்றுக்குத்தான் தமிழில் சொல் தேடுகிறேன். மூன்றாவதற்கு நான் இன்னும் போகவில்லை.

> நினைவுப்பொருள் என்று ஏற்கெனவே இருக்கும்போது எதற்குப் புதுச்சொல்?

இருக்கிறதுதான் ஐயா. ஆனால் கொழும்பில் நினைவுப்பொருள் என்றால் லக்சல கைப்பணிக் கடையில் சுற்றுலாக்காரர் வாங்கிப் போகும் மர யானையும் முகமூடியும். அவர் தன் பயணத்தை நினைக்க வாங்குகிறார். குவீன் குழுப் பாடகர் ஃபிரெடி மெர்குரி 1975 இல் வாங்கிய யமஹா பியானோ 2023 செப்டெம்பரில் இலண்டன் சொதபிஸ் ஏலத்தில் 17 இலட்சத்து 42 ஆயிரம் பவுணுக்குப் போனது. அவருடைய பொஹீமியன் ரப்சொடி பாட்டு உருவான பியானோ அது. அதே வகை யமஹா வேறு யார் வீட்டிலிருந்து வந்திருந்தாலும் அந்த விலையின் ஓரத்தைக்கூடத் தொட்டிருக்காது. எடுத்தவர் மெர்குரியை நேரில் கண்டிருக்க வேண்டும் என்பதில்லை, அவரைப் பற்றி நினைவு எதுவும் இருக்க வேண்டும் என்பதுமில்லை. அவர் விரல் அந்தக் கட்டைகளில் ஓடியது என்பதற்குத்தான் அவ்வளவு பணம்.

> ஞாபகார்த்தப் பொருள் என்று வைத்தால் இலங்கையில் எல்லோருக்கும் விளங்கும்.

விளங்கும், ஆனால் வேறு மாதிரி. நமக்கு ஞாபகார்த்தம் என்றால் மண்டபம், கிரிக்கெட் சுற்றுப்போட்டி, புலமைப்பரிசில்: இறந்தவர் பெயரில் இருப்பவர் செய்வது. பாடகர் எல்டன் ஜோனின் அட்லாண்டா வீட்டுச் சாமான்கள் 2024 பெப்ரவரியில் நியூயோர்க்கில் ஏலம் போனபோது ஒரு யமஹா கிராண்ட் பியானோவும் அதில் இருந்தது. மனிதர் உயிரோடு நன்றாக இருக்கிறார். ஞாபகார்த்தம் என்று எழுதினால் வாசகர் துக்கம் விசாரிக்கக் கிளம்பிவிடுவார்.

பெரியாழ்வார் பாசுரத்தின் ‘உடுத்துக் களைந்த’ ஆடையை நினைவூட்டி, ‘களைபொருள்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இந்த மடல்களில் நான் மிகவும் ரசித்தது இதுதான். இறைவன் உடுத்துக் களைந்ததால்தான் அந்த ஆடைக்கு மதிப்பு. ஏலக்கூடத்தின் தத்துவம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. ஆனாலும் இன்றைய வாசகருக்குக் களை என்றால் வயலில் பிடுங்கி எறிவது. பாசுரம் தெரியாதவர் இது குப்பைக்குப் போகும் சாமான் என்றுதான் நினைப்பார்.

என் பரிந்துரை ‘கைபடுபொருள்’. வினைத்தொகை என்பதால் பட்டதும் படுவதும் இரண்டும் அடங்கும். ‘கைப்பட எழுதினார்’ என்று நாம் சொல்வதும் பக்கத்திலேயே இருக்கிறது. பாட்டு எழுதிய தாள்களும் இதே ஏலங்களுக்கு வருவதால் அதுவும் ஒரு வசதி.

இந்தச் சொல் எனக்கு ஏன் பிடித்தது என்றால், பீட்டில்ஸ் குழு ஜோன் லெனனின் ஸ்டெயின்வே பியானோவால். அது ஒரு நிமிர்ந்த பியானோ, வால்நட் நிற மரம், 1970 கடைசியில் அவர் வீட்டுக்கு வந்தது. இமேஜின் பாட்டை அதில்தான் அமைத்தார். (அந்தப் பாட்டின் படத்தில் தெரியும் வெள்ளைக் கிராண்ட் பியானோ வேறு. பலர் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.) 2000 இல் பாடகர் ஜோர்ஜ் மைக்கல் அதை 14.5 இலட்சம் பவுண் கொடுத்து எடுத்தார். அந்த மரத்தில் சிகரெட் சுட்ட தழும்புகள் இருக்கின்றன. சாதாரணக் கடையில் அது பழுது, பேரம் பேசிக் குறைப்பார்கள். இங்கே யாராவது தேய்த்து வார்னிஷ் பூசியிருந்தால் அதுதான் நட்டம். மெர்குரியோ நேர் எதிர். அந்த யமஹாவின் மேல் அவர் கிளாஸ் வைக்க மாட்டார், அதனருகே புகைக்க மாட்டார் என்று அதை இத்தனை காலம் வைத்திருந்த மேரி ஒஸ்டின் சொல்லியிருக்கிறார். ஒன்றில் தழும்பு, மற்றதில் துப்புரவான மினுக்கம். இரண்டும் அவரவர் கையின் வேலைதான்.

‘வாசித்த கருவி’ என்று நேரடியாக வைக்கலாமே என்பவர்களுக்கு: கசபிளாங்கா படத்தில் வரும் சின்னப் பியானோ 2014 இல் நியூயோர்க்கில் சுமார் 34 இலட்சம் டொலருக்குப் போனது. மொத்தம் 58 கட்டைகள்தான். அதன் முன்னால் உட்கார்ந்த நடிகர் டூலி வில்சன் உண்மையில் ட்ரம்ஸ் வாசிப்பவர். பியானோ அவருக்கு வராது. காதில் விழும் ஓசை வேறொருவர் வாசித்தது. அடியில் யாரோ ஒட்டிவிட்டுப் போன சுவிங்கம்கூட அந்தப் பியானோவோடு சேர்ந்து ஏலத்துக்கு வந்தது, அது யார் வாயில் இருந்ததோ.

நுழைவுச்சீட்டு, சுவரொட்டி, மேலங்கிப் பொத்தான் என்று கலைஞர் தொட்டிருக்கவே தேவையில்லாத சாமான்களுக்கு ‘சேகரிப்புப்பொருள்’ போதும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம்.

இனிப் புரோவனன்ஸ்.

> கைமாற்று வரலாறு

அண்ணை, கைமாற்று என்றால் சம்பளத்துக்கு முதல் வாரம் பக்கத்து மேசையில் வாங்கும் ஐயாயிரம். மெர்குரியின் பியானோவைக் கடனில் எடுத்தது போல ஆகிவிடும்.

> உரித்து வரலாறு என்பது நம் சட்டத்தரணிகளுக்கும் பழகியது.

இது கனமான யோசனை. காணி வாங்கும்போது உறுதியைப் பின்னோக்கித் தேடிக்கொண்டு போவது போலத்தான் ஏலக்கூடங்களும் தேடுகின்றன. லண்டன் புரோட்வூட் நிறுவனம் 1817 இல் பீத்தோவனுக்கு அன்பளிப்பாக அனுப்பிய பியானோவை எடுங்கள். கடலும் மலையும் கடந்து மறு ஆண்டு வியன்னாவுக்குப் போய்ச் சேர்ந்தது. 1827 இல் அவர் இறந்த பிறகு ஸ்பீனா என்ற பதிப்பாளர் கைக்கு வந்தது, அவரிடமிருந்து இசையமைப்பாளர் லிஸ்டுக்கு, லிஸ்டிடமிருந்து புடாபெஸ்டின் தேசிய நூதனசாலைக்கு. எங்கும் இடைவெளி இல்லை. ஒவ்வொரு கையும் உரித்துள்ள கை.

எல்லாப் பொருளுக்கும் அப்படி அமைவதில்லை. நம் கொழும்பு நூதனசாலைக்கே போங்கள். கண்டி மன்னனின் சிம்மாசனம் 1815 இல் ஆங்கிலேயரிடம் போய், வின்ட்சர் மாளிகையில் கிடந்து, 1934 இல் திரும்பி வந்தது. 1765 இல் டச்சுப் படை கண்டியில் கொள்ளையடித்த பீரங்கி அம்ஸ்டர்டாமில் இருந்துவிட்டு 2023 இல்தான் வந்து சேர்ந்தது. அந்தப் பீரங்கி டச்சுக்காரரிடம் இருந்த காலத்தை எந்த உரித்து என்று எழுதுவது? உரித்து இல்லாத கைகளையும் எழுதத்தான் இந்தச் சொல்லே தேவைப்படுகிறது. ஆகவே ‘கைவழி’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். வாங்கியவரோ, பறித்தவரோ, இரவல் பெற்றவரோ, எல்லாம் கைதான். கைபடுபொருளோடு சோடியாகவும் நிற்கும்.

வெள்ளவத்தையிலிருந்து,
அன்புடன்

———

அண்ணை,

கைவழி நல்லாயிருக்கிறது, ஆனால் சங்கப்பாட்டில் கைவழி என்றால் யாழ். இசைக்கருவியைப் பற்றிய கட்டுரையிலேயே அதை வேறு பொருளில் போட்டால் தமிழாசிரியர்கள் விடமாட்டார்கள். இன்னொன்று: ‘கை படாமல் தயாரிக்கப்பட்டது’ என்று பிஸ்கட் பெட்டியில் போடுகிறார்களே, அந்தப் பழக்கத்தில் கைபடுபொருள் பழைய சாமான் போல ஒலிக்காதா?

———

தங்கச்சி,

பழைய சாமான்தானே! புதுப் பியானோ வேண்டுமென்றால் கடைக்குப் போகலாம். இன்னொருவர் புழங்கியது என்பதை மறைக்காமல் சொல்வது அந்தச் சொல்லின் பலம் என்றுதான் நினைக்கிறேன்.

யாழ் விடயம் சரி. ஆனால் அந்தப் பொருள் உரையாசிரியர்களோடு நின்றுவிட்டது, இன்று யாரும் கைவழி வாசிக்கப் போவதில்லை. முதல் முறை வரும் இடத்தில் ‘கைமாறி வந்த வழி’ என்று விரித்து எழுதிவிட்டு, பிறகு சுருக்கமாகக் கைவழி என்று போடுகிறேன்.

இப்போது மூன்றாம் பந்தியில் நிற்கிறேன். அங்கே சிக்கல் இதைவிட மோசம். கனடாப் பியானோக் கலைஞர் கிளென் கூல்டின் ஸ்டெயின்வே (சிடி 318 என்பது அந்தப் பியானோவின் இலக்கம்) 1971 இல் ஏற்றி இறக்கும்போது விழுந்து இரும்புச் சட்டம் வெடித்தது. திருத்தினார்கள். ஆனால் அவர் விரும்பிய தொடுகை திரும்பவில்லை. பிறகு அதைக் கனடாவின் தேசிய நூலகம் வாங்கியது, இப்போது ஒட்டாவாவில் இருக்கிறது. மூலம் இரண்டு சொற்களைப் பிரித்துப் பேசுகிறது: மறுபடி வாசிக்கத் தக்கதாக்குவது ஒன்று, இருக்கிற நிலையில் மேலும் கெடாமல் வைப்பது மற்றது. கம்பியையும், கம்பியைத் தட்டும் சுத்தியலில் ஒட்டிய கம்பளத்தையும் மாற்றினால் பியானோ பாடும், ஆனால் அவர் விரலின் பாரம் பதிந்த கம்பளம் குப்பைக்குப் போய்விடும்.

கொழும்பில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை, ஏனென்றால் இங்கே இரண்டுமே போராட்டம். கடற்காற்றில் கம்பி துருப்பிடிக்கும், ஒலிப்பலகை உப்பிப்போகும், பூச்சி கம்பளத்தைத் தின்னும், எஞ்சியதைக் கறையான் பார்த்துக்கொள்ளும். பம்பலப்பிட்டியில் பழைய வீடுகளில் பியானோவின் கீழ்ப் பலகையைக் கழற்றினால் உள்ளே ஈரம் போக்க ஒரு சின்ன மின்குமிழ் எரிந்துகொண்டிருக்கும். கட்டைகளில் தந்தம் இருந்தால் வேறு தொல்லை. 2018 இல் பிரித்தானியா இயற்றிய தந்தச் சட்டத்தின்படி, இசைக்கருவிகளில் 1975 க்கு முன் செய்த, தந்தம் இருபது வீதத்துக்கும் குறைவானவற்றை மட்டும், அதுவும் பதிவு செய்துதான் விற்கலாம். இங்கே 2016 இல் காலிமுகத்திடலில் 359 தந்தங்களை நொறுக்கியது உங்களுக்கு நினைவிருக்கும்.

திருத்தல், பேணல் என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன். திருத்தல் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, சைக்கிள் கடை போல இருக்கிறது. ‘புதுப்பித்தல்’ அதைவிடப் பிழை, புதிதாக்குவதைத்தான் அவர்கள் வேண்டாம் என்கிறார்கள். ‘மீட்டல்’ என்று ஒரு யோசனை. வீணையை மீட்டுவதும் இழந்ததை மீட்பதும் ஒன்றாகக் கேட்பதால் கொஞ்சம் தயங்குகிறேன். வெள்ளிக்கிழமை கட்டுரையைக் கொடுக்க வேண்டும், அதற்கு முதல் யாருக்காவது நல்ல சொல் தட்டுப்பட்டால் எழுதுங்கள்.