பிள்ளை பக்கத்தில் நின்றபோது: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

தாம்பரம் அம்மா

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகிறோம், நெல்லை எக்ஸ்பிரஸ். மகனுக்கு அக்டோபர் கடைசியில் ஐந்து முடிந்துவிட்டது. ஐந்து முடியாத பிள்ளைக்குத்தான் டிக்கெட் வேண்டாம், முடிந்தால் பெர்த் இல்லாமல் அரை டிக்கெட். எனக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் டிக்கெட் போட்ட அன்றைக்கு அவன் பிறந்தநாளுக்கு நாலு நாள் இருந்தது. பயண நாளில் என்ன வயது என்பதுதான் கணக்கு என்று தெரிந்தும் அப்படியே விட்டுவிட்டேன்.

செங்கல்பட்டு தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர், டிடிஇ வந்தார். "பையனுக்கு என்ன வயசும்மா?" நான் வாயைத் திறக்கவில்லை. கைப்பையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். அவன் இட்லிப் பொட்டலத்து நூலைப் பிரித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து "நாலு அங்கிள்" என்றான். கட்டைவிரலை மடக்கி நாலு விரலைக் காட்டவும் செய்தான். அவர் சிரித்து அவன் கன்னத்தைத் தட்டிவிட்டு அடுத்த பெர்த்துக்குப் போய்விட்டார்.

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. முந்தின வாரம் நானும் அவன் அப்பாவும் பேசிக்கொண்டது அவன் காதில் விழுந்திருக்கிறது. சொல்லி முடித்ததும் என்னைப் பார்த்தான். மனப்பாட வசனத்தைத் தப்பில்லாமல் ஒப்பித்துவிட்டுப் பார்ப்பானே, அதே பார்வை. என் கை தானாகப் போய் அவன் தலையைத் தடவிக் கொடுத்தது. பொய்யைவிட அந்தத் தடவல்தான் என்னை அரிக்கிறது. விழுப்புரம், திருச்சி, மதுரை எல்லாம் விழித்துக்கொண்டே போனேன்.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

உடன்குடிக்காரன்

சிஸ்டர் எழுதியதைப் படித்ததும் என் மகள் முகம்தான் கண்ணில் வந்தது.

எங்களுக்குக் கருப்பட்டி வியாபாரம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விவரம் வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பதநீர் வருஷத்தில் சில மாதம்தான். ஏறுகிற ஆளும் குறைந்துபோனார்கள். கருப்பட்டி கேட்கிறவர்கள் வருஷம் முழுக்கக் கேட்கிறார்கள். அதனால் சீனியைப் போட்டுக் காய்ச்சி ஊற்றுகிறவர்கள் உண்டு. என் தாத்தா பனையேறி. கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதிலிருந்து சிரட்டையில் ஊற்றி எடுப்பது வரை பார்த்து வளர்ந்தவன் நான். கையில் எடுத்தாலே எது எது என்று சொல்லிவிடுவேன். அதனால் தெரியாமல் விற்றேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

ஒரு அம்மா வந்தார்கள். மகளுக்குப் பிரசவம் ஆகியிருக்கிறது. "பிள்ளை பெத்தவளுக்குத் தம்பி, சுத்தமானதுதான?" என்றார்கள். "சுத்தம்மா" என்றேன். அன்றைக்குக் கடையில் இருந்தது கலந்த சரக்கு. எட்டாம் வகுப்புப் படிக்கிற என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பில் எழுதிக்கொண்டிருந்தாள். பேனா நின்றது. தலையைத் தூக்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுதினாள்.

அதற்குப் பிறகு யார் வந்து "சுத்தமானதாம்மா?" என்று கேட்டாலும் அவள் சொல்வது ஒரே பதில்: "அப்பாட்ட கேளுங்க."

இப்போது இரண்டு பெட்டி வைத்திருக்கிறேன். "சீனி கலந்தது" என்று அட்டையில் எழுதித் தனி விலை போட்டிருக்கிறேன். வியாபாரம் அடி வாங்கியது உண்மை. ஒரு வருஷம் ஆகப்போகிறது. அட்டையை எழுதித் தந்ததே அவள்தான். ஆனாலும் யாராவது கேட்டால் இன்னும் "அப்பாட்ட கேளுங்க" என்றுதான் சொல்கிறாள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

ஸ்தோத்திரம். எனக்கு ஒன்பது வயதில், பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு கொல்லாம்பழம் பறித்துவிட்டேன். அப்பா என் கையைப் பிடித்து அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அவ்வளவுதான் கதை. பிறகு இன்று வரை பிறர் பொருளைத் தொட்டதில்லை.

தாம்பரம் சகோதரிக்கு ஒன்று சொல்ல வேண்டும். பையன் "நாலு" என்ற இடத்திலேயே, டிடிஇ முன்னிலையிலேயே கண்டித்திருக்க வேண்டும். வேண்டுமானால் ஒரு அடியும் வைத்திருக்கலாம். பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான் என்று நீதிமொழிகள் சொல்வதை இந்தக் காலத்தில் யாரும் வாசிப்பதில்லை. முப்பது வருஷம் வகுப்பறையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். முதலில் குடும்ப ஜெபம். எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். எட்டு என்றால் எட்டு. வீட்டில் எல்லாரும் பாயில் உட்கார வேண்டும், போன் வேறு அறையில் இருக்க வேண்டும். பாட்டை ஒரு பிள்ளை தொடங்க வேண்டும், அதிகாரத்தைப் பிள்ளைகளே முறைவைத்து வாசிக்க வேண்டும். பெரியவர்கள் வாசித்தால் சின்னவர்கள் தூங்குவார்கள். ஜெபம் நீளக் கூடாது. நீளமான ஜெபத்தில்தான் பிள்ளைகளுக்கு ஜெபமே கசந்துபோகிறது. அடுத்து, காணிக்கைக் காசு. ஆராதனைக்குப் போகும் வழியில் பாக்கெட்டிலிருந்து எடுத்துத் தராதீர்கள். சனிக்கிழமை இரவே பிள்ளையின் கையில் கொடுத்து அவன் சட்டைப் பையில் வைக்கச் சொல்லுங்கள். இரவெல்லாம் கையில் இருக்கிற காசைக் காலையில் முழுசாகப் போடும் பழக்கம் சின்னப் பழக்கம் இல்லை. கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையை எண்ணி வாங்குங்கள். சந்தேகப்பட்டு அல்ல, கணக்கு ஒப்புவிப்பது இயல்பான காரியம் என்று அவனுக்குப் படுவதற்காக. வீட்டுப்பாடத்தை நீங்கள் வரைந்து கொடுக்காதீர்கள். பிராஜெக்ட் என்று அம்மாக்கள் வரைந்து அனுப்பும் படங்களுக்கு நான் மதிப்பெண் போட்டதே இல்லை. பிள்ளைக்குக் கோணல் கோடு போதும்.

மார்த்தாண்டம் பெண்

சார், காணிக்கை விஷயமும் பிராஜெக்ட் விஷயமும் நூற்றுக்கு நூறு. அடி விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. அந்த ரயிலில் பொய்யைத் தொடங்கிவைத்தது பெரியவர்கள். அடி மட்டும் ஐந்து வயதுக்காரனுக்கா?

என் அப்பா சபையில் கமிட்டி மெம்பர். கணக்கில் ஒரு பைசா தவறாதவர், அதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். வீட்டில் பெல்ட்டுக்கென்று ஓர் ஆணி உண்டு. எனக்குப் பதினொரு வயது. மேஜையில் இருந்த ஐம்பது ரூபாயைக் காணோம். நான் எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்றால் அடி நிற்காது, எடுத்தேன் என்றால் நின்றுவிடும். இது எனக்கு மூன்றாவது அடியில் புரிந்தது. "எடுத்தேன் அப்பா" என்றேன். நின்றது. மறுநாள் பாட்டுப் புத்தகத்துக்குள் அந்த நோட்டு இருந்தது, அவரே வைத்தது. அவர் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஒரு வார்த்தை இல்லை. அவர் மரித்து ஆறு வருஷம் ஆகிறது. அந்த ஒரு வார்த்தைக்காக நான் இன்னும் காத்திருக்கிறேன் போலத் தோன்றும்.

பிதாக்களே, பிள்ளைகள் மனந்தளர்ந்துபோகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்பதும் அதே வேதத்தில்தான் இருக்கிறது, கொலோசெயர் 3:21. எங்கள் வீட்டில் அதை யாரும் மனப்பாடம் செய்யச் சொன்னதில்லை.

போன மாதம் என் மகள் என் போனின் திரையை உடைத்துவிட்டுத் தானாக வந்து நீட்டினாள். கை நடுங்கியது. ஆனாலும் நீட்டினாள். நான் அந்த வயதில் நீட்டியிருக்க மாட்டேன், ஒளித்திருப்பேன்.

பாளை அப்பா

எங்கள் விஷயம் வேறு மாதிரி. நேர்மையாக நடந்துகொண்டோம், பிள்ளையின் கேள்விக்குத்தான் பதில் சொல்லத் தெரியவில்லை.

மூன்று சென்ட் மனை. பேசிய விலைக்கும் அரசு வைத்த வழிகாட்டி மதிப்புக்கும் 22 லட்சம் வித்தியாசம். பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பைப் போட்டுக்கொள்வோம், மீதியைக் கையில் கொடுத்துவிடுங்கள் என்றார் விற்கிறவர். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2. அந்த 22 லட்சத்துக்கு மட்டும் எனக்கு 1,98,000 மிச்சமாகும். அவருக்கும் வரி மிச்சம். "ஊரே இப்படித்தான் எழுதுது பிரதர்" என்றார். எங்கள் சபையைச் சேர்ந்தவர்தான், நல்லது கெட்டதுக்கு முதலில் வந்து நிற்கிற மனிதர்.

முழு விலையையும் எழுதினால்தான் வாங்குவேன் என்றேன். இரண்டு வாரத்தில் வேறொருவருக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். மனைவி என்னோடு நான்கு நாள் சரியாகப் பேசவில்லை. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். பதினாறு வருஷமாக வாடகை வீட்டில் மாற்றி மாற்றிச் சாமான் கட்டியவள் அவள்தான்.

அந்த மனையில் இப்போது வீடு எழும்பிவிட்டது. பிரதிஷ்டை ஜெபத்துக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள், போனோம். சபைப் போதகர்தான் ஜெபித்தார், எங்கள் பக்கம் ஐயர் என்போம். திரும்பி வரும்போது மகன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து கேட்டான்: "அப்பா, ஐயர் அந்த வீட்டை ஆசீர்வதிச்சாரே, அப்ப அது சரிதானே?" ஹெல்மெட்டுக்குள் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சிக்னல் வந்தது, பச்சை விழுந்தது, நான் பதில் சொல்லவில்லை. அவனும் மறுபடி கேட்கவில்லை.

சண்டே ஸ்கூல் டீச்சர், நாசரேத் பக்கம்

பாளை அண்ணன், உங்கள் மகன் கேட்டதை என் வகுப்பில் வேறு வார்த்தையில் எத்தனையோ பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். தலைமையாசிரியர் ஐயா சொல்வதுபோல இதையும் அதையும் செய்தால் பிள்ளை சரியாக வரும் என்று என்னால் சொல்ல முடிவதில்லை. வேதத்தில் வரும் சாமுவேல் தீர்க்கதரிசியைப் பாருங்கள். யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யார் கையில் பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கினேன் என்று ஜனங்கள் எல்லாருக்கும் முன்னால் நின்று கேட்க முடிந்தவர். அவருடைய பிள்ளைகள் யோவேலும் அபியாவும் பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக இருந்து பரிதானம் வாங்கினார்கள். அப்பா கை சுத்தம், பிள்ளைகள் கை சுத்தம் இல்லை. ஆசாரியன் ஏலியின் பிள்ளைகள் கெட்டுப்போனதை அந்த சாமுவேல் சிறுவனாக இருந்து கூடவே பார்த்தவர் வேறு. இந்தப் பாடம் நடத்தும் ஞாயிறெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். ஏனென்றால் என் மூத்தவன் இப்போது ஆராதனைக்கு வருவதில்லை. அதை இங்கே விரிவாக எழுத முடியவில்லை.

சின்னவனைப் பற்றி எழுதுகிறேன். விடுமுறை வேதாகமப் பள்ளியில் வசனப் போட்டி, சங்கீதம் 15. "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும்" என்ற இடத்தில் நின்றுவிட்டான். நான் முன்வரிசையில் இருந்தேன். சத்தமில்லாமல் வாயை அசைத்தேன், "தவறாதிருக்கிறான்" என்று. பிடித்துக்கொண்டு முடித்துவிட்டான். முதல் பரிசு, எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

பள்ளி திறந்தது. பழைய பிளாஸ்டிக் டப்பாவிலேயே சோறு கட்டச் சொன்னான். புதுசில் கட்டினால், கிளம்பும் முன் சோற்றை எடுத்துப் பழைய டப்பாவில் மாற்றிக்கொண்டு போவான். மூன்றாம் நாள் கேட்டேன், ஏன் என்று. "அது உங்க டப்பாம்மா" என்றான். கோபமெல்லாம் இல்லை. தண்ணீர் வேண்டும் என்று சொல்வது மாதிரிதான் சொன்னான்.

நானே போய் அடுத்த வகுப்பு டீச்சரிடம் நடந்ததைச் சொல்லி, இரண்டாவதாக வந்த பிள்ளைக்கு அதைக் கொடுத்துவிட்டேன். இருபது வருஷமாக அந்த வகுப்பறைகளில் நடமாடுகிறேன். அன்றைக்கு அந்த வராந்தா நீண்டுகொண்டே போனது.

உடன்குடிக்காரன்

தாம்பரம் சிஸ்டர், கேட்காமலே ஒன்று சொல்கிறேன். ரயில்வேக்குச் சேர வேண்டியதைச் செலுத்த வழி இருக்கிறது. எங்கள் மாமா ஒருவர் செய்தார். டிக்கெட் இல்லாமல் போன தூரத்துக்கு, பிறகு ஒரு நாள் கவுண்டரில் ஒரு டிக்கெட் எடுத்து, பயணம் செய்யாமல் கிழித்துப் போட்டார். காசு போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

செய்தால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது லேவியராகமம். வரி வசூலித்த சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பிக் கொடுக்கிறேன் என்றான்.

மார்த்தாண்டம் மகளுக்கு: நீ எழுதியதை இரண்டு முறை வாசித்தேன், அம்மா. என் வகுப்பில் அப்படி "எடுத்தேன்" என்று சொன்ன பிள்ளைகள் எத்தனை பேர் என்று நேற்று இரவு யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன் முகம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெயர் மறந்துவிட்டது.

மார்த்தாண்டம் பெண்

நன்றி சார்.

உடன்குடி அண்ணன், கிழிப்பதெல்லாம் சரி. பிள்ளை இல்லாத நேரத்தில் போய்க் கிழித்தால் அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் பார்த்தது தலையைத் தடவிய கையை மட்டும்தானே?

தாம்பரம் அம்மா

எல்லாருடையதையும் வாசித்தேன். பாளை அண்ணன் எழுதியதை அவன் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

சனிக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். வழியிலேயே சொன்னேன்: அன்றைக்கு நீ சொன்னது தப்பு, ஆனால் உன்னைச் சொல்ல வைத்தது அம்மா, அம்மாதான் முதலில் தப்பு செய்தது. "அப்ப ஏன் தலையத் தடவினீங்க?" என்று கேட்டான். அவனுக்கும் அது ஞாபகம் இருக்கிறது. அம்மா பயந்துபோய்த் தடவினேன் என்றேன். அதுதான் உண்மை.

கவுண்டரில் அவனையே பேசச் சொன்னேன். எட்டவில்லை, தூக்கிப் பிடித்தேன். "திருநெல்வேலிக்கு ஒரு அரை டிக்கெட்" என்றான். உள்ளே இருந்தவர் "தம்பிக்கு என்ன வயசு?" என்றார். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. "அஞ்சு" என்றான், ஐந்து விரலையும் கம்பிக்குள் நீட்டி. அது முன்பதிவில்லாத டிக்கெட், விலை குறைவு. நாங்கள் போன ஸ்லீப்பர் கணக்கு வர வேண்டும் என்பதற்காக இன்னும் இரண்டு எடுத்தேன்.

கிழிக்க மட்டும் அவன் விடவில்லை. மூன்றையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "அம்மா, இதுல எப்ப போறோம்?" என்று வீடு வரும் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தான்.