கலைச்சொல்: ‘பேக்ஃபயர்’ – பின்வெடிப்பா, எதுக்களிப்பா?

மடல் 1

வணக்கம்.

1970களின் தொடக்கத்துச் செவ்ரோலே சி-10 பிக்கப் டிரக்குக்குப் பழுதறி அட்டவணை ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். 350 கன அங்குல வி-8 எஞ்சின், ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலப்பது), பாயிண்ட் (பொறிக்காக மின்சாரத்தை வெட்டும் தொடுமுனை) வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரம் அனுப்புவது). முதல் வரியிலேயே முட்டுகிறது: ‘பவர் லாஸ்’, கூடவே ‘பேக்ஃபயர்’. இப்போதைக்கு ‘திறன் இழப்பு, பின்வெடிப்பு’ என்று போட்டிருக்கிறேன். ‘பின்வெடிப்பு’ ஏற்கத்தக்கதா? மாற்று உண்டா?

மடல் 2

> ‘பின்வெடிப்பு’ ஏற்கத்தக்கதா?

வேண்டாம் ஐயா. படிக்கிறவர் வண்டிக்குப் பின்னால் வெடிக்கிறது என்றே எடுத்துக்கொள்வார். சைலன்சர் இருப்பது அங்கேதானே. அந்த ஆங்கிலச் சொல்லை இரண்டு இடத்துக்குச் சொல்கிறார்கள். கார்பரேட்டர் வாய் வழியே ‘டப்’ என்று தீ மேலே வருவது ஒன்று. சைலன்சர் குழாய்க்குள் ‘டமார்’ என்பது இன்னொன்று. பட்டறையில் முதல் கேள்வியே ‘மேலயா, கீழயா?’ என்றுதான் இருக்க வேண்டும். பதிலைப் பொறுத்துத் தேடும் இடமே மாறும்.

மேலே என்றால், இன்டேக் வால்வு (கலவையை உள்ளே விடுவது) திறந்திருக்கும்போது சிலிண்டருக்குள் தீ இருந்திருக்கிறது. அது மேனிஃபோல்டில் (கார்பரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குப் போகும் கிளைக்குழாயில்) நிற்கும் கலவையைப் பற்றவைத்துவிட்டது. பெட்ரோல் குறைந்த கலவை மெதுவாக எரியும். எக்ஸாஸ்ட் வீச்சு (எரிந்த புகையைப் பிஸ்டன் வெளியே தள்ளுவது) முடிந்து இன்டேக் வால்வு திறக்கும்வரை அந்த எரிதல் நீண்டால் இப்படி ஆகும். இன்டேக் வால்வு முழுதாக மூடாமல் போனாலும், பொறி தப்பான நேரத்தில் விழுந்தாலும் இதே கதைதான்.

கீழே என்றால், எரியாத கலவை குழாய்வரை போய் அங்கே பற்றுகிறது. ஒரு பிளக் அடிக்காமல் இருக்கலாம், டைமிங் (பொறி விழும் நேரம்) பிந்தியிருக்கலாம், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் வழியே வெளிக்காற்று புகுந்திருக்கலாம். ஆக்சிலரேட்டரை விட்டவுடன் மட்டும் வெடித்தால் கடைசியாகச் சொன்னதை முதலில் பாருங்கள்.

ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் உங்கள் அட்டவணை பாதிப் பேரைத் தப்பான பக்கம் அனுப்பும்.

மடல் 3

இதில் ஆங்கிலமே தெளிவாக இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அமெரிக்கப் படகுகளில், உள்ளே பொருத்திய பெட்ரோல் எஞ்சினின் கார்பரேட்டர் மேல் தீத்தடுப்பு வலை கட்டாயம். அதன் பெயரில் உள்ள ‘பேக்ஃபயர்’ மேலே வருகிற தீயைக் குறிக்கிறது. அதே காலத்துக் கார்களில் எக்ஸாஸ்ட்டுக்குக் காற்று அடிக்கும் பம்ப் அமைப்பில் ‘ஆன்ட்டி-பேக்ஃபயர் வால்வு’ என்று ஒன்று உண்டு. திராட்டில் (ஆக்சிலரேட்டர் திறந்து மூடும் காற்றுத் தட்டு) சட்டென்று மூடும்போது மேனிஃபோல்டில் வெற்றிடம் ஏறி, சுவரில் ஒட்டிய பெட்ரோல் எல்லாம் ஆவியாகி உள்ளே போகும். முழுதாக எரியாமல் வெளியே வரும். அங்கே பம்ப் காற்றும் சேர்ந்தால் குழாய் வெடிக்கும். அதைத் தடுப்பதுதான் இந்த வால்வின் வேலை. இங்கே ‘பேக்ஃபயர்’ கீழே வெடிப்பது! இரண்டாவதற்கு ‘ஆஃப்டர்ஃபயர்’ என்று தனிச்சொல் இருந்தும் பரவலாகப் புழங்கவில்லை.

மூலமே குழம்பியிருக்கும்போது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்வதாகும். நிகழ்வைப் பார்த்துப் பெயர் வைப்போம். என் முன்மொழிவு: மேலே வருவதற்கு ‘எதிர்வெடி’, கீழே வெடிப்பதற்கு ‘குழல்வெடி’.

மடல் 4

‘குழல்வெடி’க்கு என் வாக்கு. ‘எதிர்வெடி’யில்தான் இடிக்கிறது. ‘வெடி’ என்றதும் படிப்பவர் பெரிய சத்தத்தை எதிர்பார்ப்பார். கலவை இளைத்த கார்பரேட்டரில் பல வேளை வெறும் ‘புஸ்’, ‘டப்’, ஒரு குலுக்கல், அவ்வளவுதான். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் இருமிவிட்டு அடங்கும்.

தமிழில் இதற்கு அச்சாக ஒரு சொல் இருக்கிறது: எதுக்களிப்பு. உள்ளே போனது வந்த வழியே மேலேறி வாய்க்கு வருவது. எழுத்து வழக்கில் எதிர்க்களித்தல். வினையாகவும் நன்றாக ஓடும்: ‘கார்பரேட்டர் எதுக்களிக்கிறது’, ‘எதுக்களித்தபின் கேஸ்கட்டைப் பார்’. ‘பின்வெடிப்பு’ என்பதை வினையாக்கிப் பாருங்கள், ‘எஞ்சின் பின்வெடிக்கிறது’ என்று யார் வாயில் வரும்?

மடல் 5

வயிற்றுக் கோளாறை எஞ்சின் புத்தகத்தில் போட்டால் சிரிக்க மாட்டார்களா?

மடல் 6

சக்கரத்துக்குப் பல் இருக்கிறது, பாட்டிலுக்குக் கழுத்து, ஊசிக்குக் காது, குழாய்க்கு வாய். எஞ்சினுக்கு மட்டும் வயிறு கூடாதா? சிரித்துவிட்டு மறக்க மாட்டார்கள் என்றால் அதுவே ஆதாயம்.

சொல்லை வேறு விதமாகச் சோதிக்க வேண்டும்: நிஜப் பழுதுகளில் வைத்துப் பார்த்தால் நிற்கிறதா? பிளக் ஒயர் மாறிப்போன கதையை எடுத்துக்கொள்வோம். இந்த எஞ்சினில் எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஓட்டுநர் பக்கம் (அமெரிக்க வண்டியில் இடப்பக்கம்) முன்னிருந்து 1, 3, 5, 7. மறுபக்கம் 2, 4, 6, 8. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் வலஞ்சுழியாகச் சுற்றும். வரிசையில் அடுத்தடுத்த இரண்டு பொறிகளுக்கு நடுவே கிராங்க் 90 டிகிரி திரும்புகிறது.

வரிசையில் அடுத்தடுத்த இரண்டு ஒயர் இடம் மாறினால் ஒரு சிலிண்டருக்குப் பொறி 90 டிகிரி முந்தும், மற்றதற்கு 90 டிகிரி பிந்தும். பிந்தியதில் எரிந்து முடிவதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும்: குழல்வெடி. முந்தியதில் இரண்டு வால்வும் மூடியே இருக்கும். அழுத்தம் ஏறும்போதே எரிந்து பிஸ்டனை எதிர்த்துத் தள்ளும்: உலுக்கலும் தட்டலும்.

இரண்டு, மூன்று இடம் தள்ளிய ஒயரோடு மாறினால், பொறி 180 அல்லது 270 டிகிரி முந்தும் சிலிண்டரில் இன்டேக் வால்வு இன்னும் திறந்திருக்கும்: எதுக்களிப்பு. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி அரைச்சுற்று தள்ளி மாட்டினாலும் அப்படித்தான். எக்ஸாஸ்ட் வீச்சு முடிந்து இரண்டு வால்வும் சற்றே திறந்திருக்கும் நொடியில் பொறி விழும். ஸ்டார்ட் ஆகாமல் மேலேயே அடிக்கும்.

ஆக, எதுக்களிப்பு, குழல்வெடி இரண்டையும் பிரித்து எழுதினால் எந்த ஒயரைச் சந்தேகிப்பது என்பதுகூடச் சொல்லிலேயே வந்துவிடுகிறது.

கூடவே ஒன்று. 5, 7 இரண்டும் அடுத்தடுத்து எரிகின்றன, பக்கத்துப் பக்கத்திலும் இருக்கின்றன. அந்த இரு ஒயர்களையும் ஒட்டி இணையாக ஓட்டினால் 5இன் மின்னழுத்தம் 7இன் ஒயரில் தூண்டப்பட்டு, 7இல் பொறி 90 டிகிரி முன்பே விழக்கூடும். சத்தம் கேட்டு இதையும் ‘பேக்ஃபயர்’ என்பவர்கள் உண்டு. நம் வகைப்பாட்டில் இது இரண்டுமே இல்லை. ‘முற்பொறி’ என்று தனியே போடலாம். இரண்டு ஒயரையும் பிரித்து, குறுக்காகக் கடக்கும்படி மாட்டினால் தீரும்.

மடல் 7

மெலிந்த கலவை என்பதற்கு அட்டவணையில் என்ன சொல்? பெட்ரோல் மிகுந்ததைச் ‘செறிகலவை’ என்கிறார்கள். அதற்கு எதிராக ‘மெலிகலவை’ என்று வைக்கலாம்.

அதை உறுதி செய்யக் கருவி எதுவும் வேண்டாம். எதுக்களிக்கும் நிலையில் சோக்கைக் (கார்பரேட்டர் வாயில் காற்றைக் குறைக்கும் தட்டை) கையால் கால்வாசி மூடிப் பாருங்கள். எஞ்சின் தெளிந்து இழுத்தால் மெலிகலவை. இன்னும் மோசமாகிக் கரும்புகை வந்தால் அதுவல்ல.

மெலிகலவை என்று தெரிந்தபின் இரண்டு கேள்வி: பெட்ரோல் குறைகிறதா, காற்று கூடுகிறதா?

பெட்ரோல் பக்கம்: குவாட்ராஜெட்டில் பெட்ரோல் குழாய் வந்து சேரும் பெரிய நட்டுக்குள் ஒரு சின்ன ஃபில்டர், பின்னால் ஸ்பிரிங்கோடு ஒளிந்திருக்கிறது. வெளியில் தெரியும் ஃபில்டரை மாற்றிவிட்டு இதை மறப்பதுதான் வழக்கம். பம்ப் குழாயைக் கழற்றி ஒரு புட்டியில் விட்டு, எஞ்சினை ஐட்லிங்கில் ஓட்டுங்கள். கார்பரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலே அதுவரை போதும். அரை நிமிடத்தில் ஏறக்குறைய அரை லிட்டர் வர வேண்டும். ஐட்லிங் நன்றாக இருந்து, முழு மிதியில் பத்து விநாடி கழித்து இழுப்பு செத்தால் இந்தப் பக்கம்தான். மிதித்த அந்தக் கணம் மட்டும் எதுக்களித்தால் ஆக்சிலரேட்டர் பம்ப். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஏர் கிளீனரைத் திறந்து திராட்டிலை அசைத்தால் முன்பக்கத் துளை இரண்டிலும் பெட்ரோல் கோடாகப் பீச்ச வேண்டும்.

காற்றுப் பக்கம்: ‘வேக்குவம் லீக்’. இதை ‘வெற்றிடக் கசிவு’ என்று எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்துவோம். வெற்றிடம் எப்படிக் கசியும்? கசிவு என்றால் உள்ளிருந்து வெளியே வருவது. இங்கே நடப்பது கார்பரேட்டருக்குத் தெரியாமல் காற்று உள்ளே நுழைவது. மெக்கானிக் ‘ஏர் புடிக்குது’ என்று சரியாகத்தான் சொல்கிறார். கள்ளச்சாவி, கள்ளநோட்டு மாதிரி ‘கள்ளக்காற்று’ என்பேன். கார்பரேட்டர் அடிக் கேஸ்கட், இன்டேக் மேனிஃபோல்டு ஓரம், பிரேக் பூஸ்டர் ஹோஸ், டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் டயாஃப்ரம், பிசிவி ஹோஸ் (எஞ்சின் அடிப்பகுதி வாயுவை உள்ளே இழுக்கும் குழாய்) என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், ஹோஸ் என்றால் கிள்ளிப் பிடித்து. ஆர்பிஎம் மாறும் இடத்தில் திருடன் இருக்கிறான்.

மடல் 8

‘கள்ளக்காற்று’ அருமை. எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எல்லா எதுக்களிப்பையும் கார்பரேட்டர் தலையில் கட்டிவிடாதீர்கள். இந்த எஞ்சினில் ஏமாற்றுக்காரப் பழுது ஒன்று உண்டு: எக்ஸாஸ்ட் கேம் (அந்த வால்வைத் தூக்கும் தண்டின் மேடு) தேய்ந்துபோவது. எக்ஸாஸ்ட் வால்வு போதிய அளவு திறக்காது. எரிந்த சூட்டு வாயு உள்ளேயே அடைபடும். இன்டேக் வால்வு திறந்ததும் அது மேலே பாயும். பழுது எக்ஸாஸ்ட்டில், சத்தம் கார்பரேட்டரில். சீரான தாளத்தில், ஒரே சிலிண்டரில் எதுக்களித்தால் கார்பரேட்டரைக் கழற்றுவதற்கு முன் வால்வு கவரைக் கழற்றுங்கள். பொதுவான கேமில் வால்வு சுமார் 10 மில்லிமீட்டர் எழ வேண்டும். பக்கத்து ராக்கரோடு (வால்வை அழுத்தும் நெம்புகோலோடு) ஒப்பிட்டாலே கண்ணுக்குத் தெரியும். கேமின் மேல் உரசும் தட்டை டப்பெட் வைத்த இந்த எஞ்சின்களுக்குத் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம் போதுமான எண்ணெய் வேண்டும். கேடலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற இக்காலக் கார் எண்ணெய்களில் அதைக் குறைத்துவிட்டார்கள்.

அடுத்தது டைமிங் செயின். பழைய கேம் ஸ்ப்ராக்கெட்டில் நைலான் பல். அது உதிர்ந்து செயின் ஒரு பல் தாண்டினால் வால்வுகள் பிந்தும். டிஸ்ட்ரிபியூட்டரையும் கேம்தான் ஓட்டுகிறது என்பதால் பொறியும் கூடவே பிந்தும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு கிராங்க் புல்லியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ரோட்டர் அசையத் தொடங்குமுன் புல்லி பத்து டிகிரிக்கு மேல் சும்மா போனால் செயின் தளர்ந்துவிட்டது.

டைமிங் லைட்டை நம்புவதற்கு முன் ஒரு வார்த்தை. டைமிங் குறி இருப்பது கிராங்க் முனையில் உள்ள டேம்பரில் (அதிர்வு தாங்கும் சக்கரத்தில்); அதன் வெளிவளையம் ரப்பரில்தான் ஒட்டியிருக்கிறது. ரப்பர் விட்டுப்போனால் வளையம் நழுவி, குறி பொய் சொல்லும். முதல் சிலிண்டரின் மேல்நிலையைப் பிஸ்டன் ஸ்டாப் (பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் கருவி) வைத்துச் சரிபார்க்காமல் டிகிரிக் கணக்குப் பேசுவது வீண்.

மடல் 9

> திறன் இழப்பு

இதற்கு யாரும் வாய் திறக்கவில்லையே. மெக்கானிக் சொல்வது ‘புல்லிங் இல்லை’. ‘இழுவைக் குறைவு’ பொருத்தம்தான். ஆனால் இயற்பியல் பாடத்தில் ‘இழுவை’ என்றால் காற்று வண்டியைப் பின்னிழுக்கும் விசை. இழுவை குறைந்தால் வண்டி வேகமாகப் போகும்! எனவே ‘இழுப்புக் குறைவு’.

எதுக்களிப்பு, குழல்வெடி இல்லாமல் வெறும் இழுப்புக் குறைவு மட்டும் என்றால் வேக்குவம் கேஜ் மாட்டுங்கள். கடல்மட்டத்தில், ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் பாதரசம், ஊசி ஆடாமல். ஆடாமல் 15க்குக் கீழே நின்றால் டைமிங் பிந்தியது, அல்லது கள்ளக்காற்று. சீரான இடைவெளியில் சட்டென விழுந்து எழுந்தால் ஒரு வால்வு மூடவில்லை. 2500 ஆர்பிஎம்மில் பிடித்தபோது முதலில் சரியாக ஏறி, பிறகு மெல்ல மெல்ல இறங்கினால் எக்ஸாஸ்ட் அடைப்பு. இரட்டைச் சுவர் குழாய் உள்ளே மடிந்திருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது.

மடல் 10

எல்லோருக்கும் நன்றி. அட்டவணை இப்போது இப்படி நிற்கிறது.

“இழுப்புக் குறைவு, எதுக்களிப்புடன்: சோக்கைக் கால்வாசி மூடு. தெளிந்தால் மெலிகலவை, கள்ளக்காற்று, உள்ஃபில்டர், பம்ப் அளவு பார். தெளியாவிட்டால் ஒயர் வரிசை, பிறகு கம்ப்ரெஷன் (சிலிண்டர் அழுத்தம்): பிளக் எல்லாம் கழற்றி, திராட்டில் முழுதாகத் திறந்து அள. குறைந்த சிலிண்டர் கூடியதில் 75 விழுக்காட்டுக்குக் கீழ் போகக் கூடாது. போனால் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அள. ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. கம்ப்ரெஷன் சரி, ஆனால் ஒரே சிலிண்டரில் எதுக்களிப்பு என்றால் எக்ஸாஸ்ட் கேம்.

இழுப்புக் குறைவு, குழல்வெடியுடன்: அடிக்காத பிளக், பாயிண்ட் இடைவெளி (ட்வெல், அதாவது பாயிண்ட் மூடியிருக்கும் கோணம், 30 டிகிரி), கண்டென்சர், டைமிங், செயின் தளர்வு, ஆக்சிலரேட்டரை விடும்போது மட்டும் என்றால் எக்ஸாஸ்ட் கேஸ்கட், காற்றுப் பம்ப் வால்வு.

எச்சரிக்கை: எதுக்களிக்கும் எஞ்சினை ஏர் கிளீனர் இல்லாமல் ஓட்டாதே. தீயை அடக்குவது அதுதான். ஓடும்போது கார்பரேட்டர் வாயில் குனிந்து பார்க்காதே, கையால் பெட்ரோல் ஊற்றாதே. சோக் சோதனையையும் கிளீனரை மாட்டியபடி, லிங்க்கைப் பிடித்தே செய்.”

ஒன்று பாக்கி. கேமின் ‘லோப்’. காதுமடல் போல ‘கேம் மடல்’ என்று எழுதினேன். ‘மடல் தேய்ந்துவிட்டது’ என்றால் இந்தக் குழுவில் வேறு பொருள் வருகிறது.

மடல் 11

‘கேம் முனை’?

மடல் 12

முனையில் தேய்மானம் அதிகம் என்பது சரி. ஆனால் அந்தச் சொல் ஏறுமுகம், இறங்குமுகம் சேர்ந்த முழு வடிவத்துக்கும் ஆக வேண்டும். ‘கேம் புடைப்பு’ என்று போடுங்கள். தேய்ந்ததைப் ‘புடைப்பு மழுங்கல்’ என்றால் போதும்.