தாத்தாவின் கேரவன்: குடும்பக் குழு, வியாழக்கிழமை மாலை

வித்யா: [படம்]

வித்யா: [படம்]

வித்யா: வண்டியைத் துடைக்க வந்தேன். சமையல் மேடையில் சிங்க்கின் வலது மூலையிலிருந்து ஒரு கோடு ஓடுகிறது. அடுப்புக்குப் பக்கத்தில் பழுப்பாக ஒரு தடம். மேடை முழுவதும் மங்கிக் கிடக்கிறது. சனிக்கிழமை காலை நாங்கள் கிளம்ப வேண்டும். என்ன செய்வது?

கார்த்திக்: கோடா, தலைமுடியா?

வித்யா: துடைத்துப் பார்த்துவிட்டேன். முடி இல்லை.

ராஜி: கடைசியாக வண்டி யாரிடம் இருந்தது?

மாலா: எங்களிடம்தான் அண்ணி. தெரிந்துகொண்டே கேட்கிறீர்கள்.

பாலு: திருப்பிக் கொடுத்தபோது மேடை நன்றாகத்தான் இருந்தது. அண்ணன் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டார்.

கனகராஜ்: இருட்டில் கொடுத்தாய்.

பாலு: விளக்குப் போட்டுப் பார்த்தீர்கள் அண்ணா.

கார்த்திக்: பெரியப்பா, மடக்கு நாற்காலிகள் வண்டியில் இருக்கின்றனவா?

கனகராஜ்: மேடையை முதலில் பேசுங்கள். மரப்பலகைமேல் மெல்லிய தகடு ஒட்டிய லேமினேட் மேடை போதும் என்று அன்றே சொன்னேன். யார் கேட்டார்கள்?

மாலா: முன்னனுப்பப்பட்ட செய்தி: “மங்கிய மேடை கண்ணாடி போல் மின்ன எளிய வழி! தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் மெழுகு பாலிஷ் தடவுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை சீலர் அடித்தால் கறையே பிடிக்காது. அனைவருக்கும் பகிருங்கள்.”

வித்யா: தின்னர் வண்டியிலேயே ஒரு டப்பா இருக்கிறது சித்தி.

சேகர்: வித்யா, தின்னரைத் தொடாதே. டப்பாவை மூடி வெளியே வை. விவரமாக எழுதுகிறேன்.

ராஜி: எழுதட்டும். இனி அரைமணி நேரத்துக்கு இங்கே அவர் பேச்சுதான்.

சேகர்: இந்த மேடை சாலிட் சர்ஃபேஸ். கல் இல்லை, மரமும் இல்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அக்ரிலிக் பிசின். மீதி பாக்சைட் தாதுவிலிருந்து எடுக்கும் வெள்ளைப் பொடி. 1960-களில் டியூபாண்ட் நிறுவனம் உருவாக்கி, கோரியன் என்ற பெயரில் விற்றது. பிறகு பலரும் செய்யத் தொடங்கினார்கள். அக்ரிலிக் என்பதால் தின்னர், அசிட்டோன், பெயின்ட் நீக்கி எல்லாம் மேற்பரப்பையே கரைத்துவிடும். மங்கல் போவதற்குப் பதிலாக வெள்ளைத் திட்டு விழும். நெயில் பாலிஷ் ரிமூவர்கூட அங்கே சிந்தக் கூடாது.

மாலா: சரி அண்ணா. சீலராவது அடிக்கலாமா?

சேகர்: வேண்டாம் மாலா. சீலர் நுண்துளை உள்ள கல்லுக்கு. கல் அதை உறிஞ்சிக்கொள்ளும். இதில் துளையே கிடையாது. அடித்தால் மேலேயே நின்று திட்டுத்திட்டாக உரியும். மெழுகும் அப்படித்தான், படலமாகப் படிந்து அழுக்கைப் பிடித்து வைக்கும். கண்ணாடி துடைக்கும் திரவமும் வேண்டாம். மேடையைக் காப்பாற்றுவதாக நினைத்து எதையாவது பூசிப் பூசியே பாழாக்கிவிடுகிறார்கள். மேடை போடும் வேலையில் இருந்த காலம் முழுவதும் இதைத்தான் பார்த்தேன். பூச வேண்டியது எதுவுமே இல்லை.

கார்த்திக்: பிறகு ஏன் மங்கியிருக்கிறது மாமா?

சேகர்: சோப்பும் உப்புத்தண்ணீரும் காய்ந்து காய்ந்து ஏறிய படலம். துடைத்துவிட்டு ஈரத்தோடு விட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு பூச்சு ஏறும். வெள்ளை வினிகரைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி, உலர்ந்த துணியால் ஒற்றி எடு. நாள்தோறும் சோப்புத் தண்ணீர் போதும். கடைசியில் உலர்ந்த துணி கட்டாயம்.

பாலு: அத்தான், ஒரு சந்தேகம். அந்தப் பழுப்புத் தடம் சூட்டால் வந்ததுதானா?

ராஜி: அதை நீதான் சொல்ல வேண்டும்.

மாலா: அண்ணி!

சேகர்: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தடம் வட்டமாக இல்லை, பிறைபோல் அடுப்பின் ஓரத்தை ஒட்டி வளைந்திருக்கிறது. சூடான பாத்திரத்தை இறக்கி வைத்திருந்தால் முழு வட்டம் விழும். இது, அடுப்பைவிடப் பெரிய பாத்திரம் வைத்து எரித்ததால், அடியிலிருந்து தீ பக்கவாட்டில் பரவி மேடையைத் தாக்கியது. பாத்திரம் பர்னருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

பாலு: எங்களிடம் பெரிய பாத்திரமே கிடையாது. எல்லோரும் கூடிய அன்று அண்ணன் வீட்டுப் பெரிய பாத்திரம்தான் அதில் ஏறியது.

கனகராஜ்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கார்த்திக்: பெரியப்பா, நான் படித்துவிட்டேன்.

வித்யா: யார் செய்தது என்பது வேண்டாம். போகுமா, போகாதா?

சேகர்: போகும். சோப்புக் கட்டி போல இதற்கு உள்ளேயும் அதே நிறம்தான். மேலே உள்ளதை இழைத்தால் புதிய பரப்பு வரும். 220 எண் உப்புத்தாள், பிறகு அதைவிட நைசான 320, கடைசியில் பச்சை ஸ்க்ரப்பர். தடத்தின் மேல் மட்டும் தேய்த்தால் அங்கே குழி விழும், வெளிச்சம் பட்டதும் காட்டிக்கொடுக்கும். சுற்றி அகலமாக, வட்டம் வட்டமாக, ஒன்றன்மேல் ஒன்று படும்படி தேய்க்க வேண்டும். ஜன்னலைத் திறந்துவைத்து, முகக்கவசம் போட்டுக்கொள். தூள் மாவாகப் பறக்கும்.

சேகர்: இன்னொன்று. வீடுகளில் போடுவது 12 மி.மீ. பலகை. கேரவனில் எடை குறைக்க 6 மி.மீ. போட்டு அடியில் பிளைவுட் ஒட்டுவார்கள். நம்முடையது அப்படித்தான். ஆகவே ஆண்டுதோறும் இழைக்கிற வேலை வேண்டாம். தடம் மெல்லியதாக இருந்தால் ஸ்க்ரப்பரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வித்யா: அவர் கேட்கிறார், பேசாமல் கிரானைட் போட்டுவிடலாமா என்று.

சேகர்: மாப்பிள்ளையிடம் சொல். 12 மி.மீ. சாலிட் சர்ஃபேஸ் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 20 கிலோ. 30 மி.மீ. கிரானைட் 80 கிலோ. அத்தனையும் ஒரு பக்கச் சுவரோரம் ஏறும். வண்டிக்கு வேண்டாம்.

கனகராஜ்: லேமினேட் இதைவிடவும் எடை குறைவு.

சேகர்: குறைவுதான் மச்சான். ஆனால் சிங்க் ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் உப்பிப் பிய்ந்துவிடும். அதை இழைத்துப் புதிதாக்க முடியாது.

ராஜி: இந்த வழக்கு தாத்தா இருந்தபோதே முடிந்தது. விடுங்கள்.

கார்த்திக்: விரிசலுக்கு என்னிடம் சிலிகான் குழாய் இருக்கிறது. நாளை வந்து அடைத்துவிடட்டுமா?

சேகர்: கூடவே கூடாது கார்த்திக். சிலிகான் பட்ட இடத்தில் பிறகு சரியான பசை ஒட்டாது. முறையாகச் சரிசெய்கிறவர் அந்தப் பகுதியையே வெட்டி எடுக்க வேண்டி வரும். முதலில் அது விரிசல்தானா என்று பார்ப்போம். வித்யா, நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பார். மாட்டுகிறதா?

வித்யா: மாட்டுகிறது.

சேகர்: அடியில் அலமாரியைத் திறந்து டார்ச் அடித்துப் பார். பிளைவுட் கறுத்திருக்கிறதா? கையால் தடவினால் ஈரமா?

வித்யா: பொறுங்கள்.

மாலா: நாற்காலி விஷயம் என்ன ஆனது?

கார்த்திக்: நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பாலு: நான்கு கொடுத்தோம்.

கனகராஜ்: இரண்டு.

வித்யா: பார்த்தேன் மாமா. காய்ந்துதான் இருக்கிறது. கறுப்பு இல்லை. கோடு கீழே தெரியவில்லை.

சேகர்: நல்லது, ஆரம்ப நிலையில் இருக்கிறது. ஓடும்போது வண்டியின் சட்டம் முறுக்கிக்கொண்டே இருக்கும். மேடை அதற்கு ஈடாக வளையாது. அந்த இழுவை முழுவதும் சிங்க்குக்கும் அடுப்புக்கும் வெட்டிய திறப்புகளின் உள்மூலையில் போய்க் குவியும். மூலையை வளைவாக வெட்டி, விளிம்பை நன்றாக இழைத்திருந்தால் தாங்கும். கூர்மையாக விட்டால் அங்கிருந்துதான் கிழியும். வெயிலும் சேர்ந்துகொள்ளும். வெப்பம் 30 பாகை ஏறினால் ஒரு மீட்டர் பலகை ஏறத்தாழ ஒரு மி.மீ. நீளும். அதற்கு இடம் விட வேண்டும். அதனால்தான் அடியில் இறுக்கமான பசை போடாமல், சிலிகானைப் புள்ளி புள்ளியாக வைத்து உட்கார்த்துவோம். பலகையில் நேராகத் திருகாணி ஏற்றக் கூடாது. பாலு, அந்தத் துணி மாட்டும் கொக்கி எங்கே திருகப்பட்டிருக்கிறது?

பாலு: மரத்தில்தான் அத்தான். மேடையில் இல்லை.

வித்யா: மேடையின் அடியில் ஒன்று இருக்கிறது. ஆனால் மூலையிலிருந்து தள்ளித்தான்.

ராஜி: ஆக இருக்கிறது.

மாலா: அதை மாட்டியது அவர் என்று யார் சொன்னது?

சேகர்: கழற்றிவிடு, போதும். யார் மாட்டினாலும் வேலைக்கு ஆகாது.

வித்யா: சிங்க்கில் கொதிநீர் கொட்டலாமா?

சேகர்: கேட்டாயே, நல்ல கேள்வி. குளிர்ந்த நீரைத் திறந்து ஓடவிட்டுக்கொண்டே கொட்டு. திடீர்ச் சூடுதான் மூலையைப் பிளக்கும். சூடான பாத்திரத்துக்குக் கால் வைத்த தாங்கி வேண்டும், அடியில் காற்று போக வேண்டும். மேடைமேல் வைக்கும் மின் அடுப்புக்கும் அதே விதி. கண்ணாடி மூடியை அடுப்பு ஆறாமல் மூடாதே, அது தனி ஆபத்து.

சேகர்: சிங்க்கை மூடும் அந்தப் பலகையை ஓடும்போது சிங்க்கின் மேல் விடாதே. ஆடி ஆடி இரண்டு விளிம்பையும் அறுக்கும். போர்வையில் சுற்றிப் படுக்கைமேல் கிடத்து. அதன் மேல் கத்தி வைத்து நறுக்கவும் வேண்டாம், அடர்நிற மேடையில் ஒவ்வொரு கீறலும் வெள்ளையாகத் தெரியும். வழுக்காத விரிப்பு போட்டால் அடியில் மணல் இல்லாமல் துடைத்துவிட்டுப் போடு. மணல் மாட்டினால் வழி முழுக்க அதுவே உப்புத்தாள்.

கார்த்திக்: பாட்டி கேட்கிறார், குளியலறை மேடையில் இருக்கும் கறுப்புக் கறை என்ன என்று.

ராஜி: பெரியண்ணனின் தலைச்சாயம்.

கனகராஜ்: அது பழைய கறை.

ராஜி: சாயமும் பழையதுதானே அண்ணா.

சேகர்: அதற்கு ப்ளீச்சைத் தண்ணீரில் கலந்து ஈரத்துணியில் நனைத்துக் கறைமேல் சிறிது நேரம் போட்டுவை. பிறகு நன்றாக அலசு. வித்யா, இதைக் கவனமாகப் படி: வினிகர் போட்ட அன்று, அதே இடத்தில், அதே துணியில் ப்ளீச் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய வண்டிக்குள் அது விளையாட்டில்லை.

வித்யா: சரி மாமா. கறையை நான் தொடவே மாட்டேன். வினிகர் மட்டும்.

கனகராஜ்: விரிசலோடு வண்டி போகக் கூடாது. என் கருத்து.

வித்யா: அப்பா, இடம் எல்லாம் பதிவு செய்தாகிவிட்டது.

சேகர்: போகலாம் மச்சான். வித்யா, கோடு முடியும் இடத்தில் பென்சிலால் மெல்லிய குறுக்குக்கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுது. இரவு தங்கும் இடத்தில் எல்லாம் பார். கோடு பென்சிலைத் தாண்டினால் எனக்குப் படம் அனுப்பு. அந்த மூலையைக் காய்ந்தே வைத்திரு, தண்ணீர் அடியில் இறங்கினால் பிளைவுட் உப்பி மேடையைத் தூக்கிவிடும். யாரும் மேடைமேல் ஏறி உட்கார வேண்டாம். திரும்பி வந்ததும் நிறம் பொருந்திய பசை வாங்கி, அடியில் தாங்குபட்டை வைத்து முறையாகச் செய்வோம்.

பாலு: செலவை எப்படிப் பிரிப்பது?

கனகராஜ்: அதைப் பிறகு பேசலாம்.

பாலு: போன முறையும் பிறகு என்றுதான் சொன்னீர்கள்.

சேகர்: நாளை மாலை நானே வந்து தடத்தை இழைத்துக் கொடுக்கிறேன்.

ராஜி: நாளை மாலை முட்டிவலிக்கு மருத்துவரிடம் போக வேண்டும். மறந்துவிட்டதா?

சேகர்: முடித்துவிட்டு வருகிறேன்.

ராஜி: குனிந்து நின்று தேய்க்கப் போகிறீர்களா?

கார்த்திக்: நான் தேய்க்கிறேன், மாமா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும்.

வித்யா: 220, 320. இரண்டும் வாங்கி வைக்கட்டுமா?

சேகர்: வாங்கி வை. நான் வரும்வரை 220-ஐப் பிரிக்காதே. முதலில் பச்சை ஸ்க்ரப்பரோடு முயல்வோம்.

ராஜி: வருவது இன்னும் முடிவாகவில்லை.

வித்யா: அத்தை, காலையில் அழைக்கிறேன்.

கார்த்திக்: அப்படியானால் நாற்காலிகள்?